லேபர் ரூம்ல பேஷண்ட் விவரம் எல்லாம் எப்படி குறிச்சு வச்சுக்கறீங்க?

புது_டூட்டி
மெடிக்கல் வார்டுல இருந்து இப்பதான் லேபர் ரூமுக்கு மாத்திருக்காங்க. அங்க எனக்கு ஒரு தாள் போதும், காலை மருந்து ராத்திரி மருந்துன்னு கட்டம் போட்டு டிக் பண்ணிட்டே போயிடுவேன். இங்க அது ஒத்து வரல, ஒரு மணி நேரம் முன்னாடி எழுதுனதே பழசாயிடுது. டாக்டர் ஃபோன்ல கடைசி பிவி (உள்பரிசோதனை) எப்போ, கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கு, பனிக்குடத் தண்ணி என்ன கலர், டிரிப் எவ்வளவு ஓடுதுன்னு கேட்டா நான் தாளைத் திருப்பித் திருப்பித் தேடிட்டு நிக்கறேன். நெட்ல கிடைச்ச ஷீட் ஒண்ணு பிரிண்ட் எடுத்தேன், கண்ணுக்கே தெரியாத கட்டமா ஐம்பது இருக்கு, பாதி காலியாவே கிடக்குது. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

நைட்ஷிஃப்ட்_அக்கா
ஷீட்டெல்லாம் வேணாம்மா, வெள்ளைத் தாள் ஒண்ணு எடுத்து குறுக்கால மடிச்சுக்கோ. மேல் பாதில மாறாத விஷயம், கீழ் பாதில மாறிட்டே இருக்கற விஷயம், அவ்ளோதான். மேல என்ன வரும்னா எத்தனாவது கர்ப்பம், எத்தனை பிரசவம், வாரம், பிளட் குரூப், அலர்ஜி, ஹெச்பி (ஹீமோகுளோபின்), பிளேட்லெட், முன்னாடி சிசேரியன் ஆயிருக்கா, ஜிபிஎஸ் (பிரசவத்துல குழந்தைக்குத் தொத்தக்கூடிய பாக்டீரியா) ரிசல்ட். இதுல நெகட்டிவ் குரூப், அலர்ஜி, பழைய சிசேரியன் மூணும் சிவப்புல எழுது. நெகட்டிவ் அம்மாவுக்கு குழந்தை பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்துல ரத்தம் ஒத்துக்காம போறதைத் தடுக்க) போகணும், அப்போ டூட்டில நீ இருக்க மாட்ட, வர்றவங்க கண்ணுல அது படணும்.

கீழ் பாதில ஒரு நேரத்துக்கு ஒரு வரி. "2.10, 6 செ.மீ., தலை மைனஸ் 1 (இடுப்பெலும்பு நடுமட்டத்துக்கு 1 செ.மீ. மேல), தண்ணி தெளிவு, எஃப்எச்ஆர் (குழந்தை துடிப்பு) 138, பத்து நிமிஷத்துக்கு 4 வலி, டிரிப் அதே ரேட்" இப்படி எழுதிட்டா ஃபோன்ல கடைசி வரியை அப்படியே வாசிச்சா போதும். பனிக்குடம் உடஞ்ச நேரத்தை மட்டும் வட்டம் போட்டு வை, 18 மணி நேரம் தாண்டுச்சுன்னா இன்ஃபெக்‌ஷன் பத்தி யோசிக்கணும், அந்தக் கணக்கை நடுராத்திரில மனசுல போட முடியாது.

பார்ட்டோகிராஃப்_பிரியன்
அக்கா சொன்ன மேல் பாதி சரி, கீழ் பாதி எனக்கு ஒத்து வராது. ஒரே விஷயத்தை தாள்ல ஒரு தடவை, பார்ட்டோகிராஃப்ல (பிரசவம் எப்படி முன்னேறுதுன்னு குறிக்கற வரைபடம்) ஒரு தடவை எழுதுனா ஏதாவது ஒண்ணு விட்டுப்போகும், பெரும்பாலும் கேஸ் ஷீட்தான் விட்டுப்போகும். உலக சுகாதார நிறுவனம் 2020ல கொண்டு வந்த லேபர் கேர் கைடு பாத்திருக்கீங்களா, 5 செ.மீ.ல இருந்து ஆரம்பிக்கும், பிரசவம் மெதுவா போகுதுன்னு எச்சரிக்கற பழைய அலர்ட் கோடு இல்ல, குழந்தை துடிப்பு, வலி, பிபி, மருந்து எல்லாம் ஒரே பக்கத்துல நேர வரிசைல வந்துடும். முதல் ஸ்டேஜ்ல துடிப்பு 30 நிமிஷத்துக்கு ஒருக்கா, ரெண்டாவதுல 5 நிமிஷத்துக்கு ஒருக்கான்னு கட்டமே ஞாபகப்படுத்தும். அதை உடனுக்குடனே போட்டுட்டா தனித்தாள் எதுக்கு? நான் பாக்கெட்ல வச்சிருக்கறது 'அடுத்து செய்ய வேண்டியது' சீட்டு மட்டும்தான்.

மெக்னீசியம் (பிபி அதிகமானவங்களுக்கு வலிப்பு வராம தடுக்க) ஓடற பேஷண்ட் மட்டும் விதிவிலக்கு, அவங்களுக்கு மூச்சு, முட்டி ரிஃப்ளெக்ஸ், யூரின் மூணுக்கும் தனி வரி, பக்கத்துலயே அதோட மாத்து மருந்து "கால்சியம் குளுக்கோனேட் எந்த டிரேல இருக்கு"ன்னு எழுதிடுவேன்.

நைட்ஷிஃப்ட்_அக்கா
தம்பி, அந்த கைடு எல்லா இடத்துலயும் இன்னும் வரல. பிவி முடிஞ்சு கிளவுஸ் கழட்டறதுக்குள்ள பக்கத்து பெட்ல கத்துறாங்க, ஃபைல் வேற யாரோ எடுத்துட்டுப் போயிருப்பாங்க, அப்போ என் பாக்கெட் தாள்தான் கை குடுக்கும். ஆனா தாள்ல இருக்கறது ரெக்கார்டு இல்ல, சந்து கிடைச்ச உடனே ஃபைல்ல ஏத்திடணும், அதுல நான் உன் பக்கம்.

அமைதி_வார்டு
ரெண்டு பேரும் கடிகாரத்தை மறந்துட்டீங்களே! சிடிஜி (குழந்தை துடிப்பும் வலியும் பதியற) மெஷின் ஒரு நேரம், சுவர்க் கடிகாரம் ஒரு நேரம், என் வாட்ச் ஒரு நேரம் காட்டும். டூட்டி ஏறுனதும் எந்தக் கடிகாரம்னு முடிவு பண்ணிக்கோங்க. குழந்தை பிறந்த நேரம், நஞ்சுக்கொடி வந்த நேரம், 1 நிமிஷ அப்கார் (குழந்தை நிலைமைக்குப் போடற மார்க்), 5 நிமிஷ அப்கார் எல்லாம் ஒரே கடிகாரத்துல இருக்கணும், இல்லன்னா நஞ்சு குழந்தைக்கு முன்னாடி பிறந்த மாதிரி ஃபைல் சொல்லும் 😄

ரத்தப்போக்குக்கும் ஒரு மூலை ஒதுக்குங்க. கண் மதிப்பு பெரும்பாலும் கம்மியாதான் வரும், பேடை எடை போட்டு காஞ்ச பேடோட எடையைக் கழிச்சா ஒரு கிராம் ஒரு மில்லின்னு கூட்டிட்டே போகலாம். அப்புறம் தாள்ல பேர் எழுதாதீங்க, பெட் நம்பர் போதும், பெட் மாறுனா தாளையும் உடனே மாத்துங்க. டூட்டி முடிஞ்சு கிழிச்சுப் போட்டுட்டுத்தான் கிளம்பணும், யூனிஃபார்மோட வாஷிங் மெஷினுக்குப் போகக் கூடாது.

புது_டூட்டி
ரொம்ப நன்றி. மடிச்ச தாளே டிரை பண்றேன், எங்க இடத்துல பழைய பார்ட்டோகிராஃப்தான். ட்வின்ஸ் வந்தா என்ன பண்ணுவீங்க அக்கா?

நைட்ஷிஃப்ட்_அக்கா
துடிப்புக்கு ரெண்டு வரி, முதல் குழந்தை எந்தப் பக்கம் கேக்குது, ரெண்டாவது எந்தப் பக்கம்னு வயிறு மாதிரி ஒரு வட்டம் வரைஞ்சு புள்ளி வச்சுக்கோ. ரெண்டு நம்பரும் ஒரே மாதிரி வந்தா ஒரே குழந்தையைத்தான் ரெண்டு தடவை கேக்கறியான்னு சந்தேகப்படு, அம்மாவோட பல்ஸையும் பக்கத்துல எழுதிடு.