கலைச்சொல்: நேர ஒத்திசைவா, ஒத்திசைப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

வலையமைப்பு நிர்வாகிகளுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லால் ஓர் அத்தியாயமே நின்றுபோயிருக்கிறது. ரவுட்டர், சுவிட்ச், ஃபயர்வால், சர்வர் எல்லாவற்றின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டும்படி பார்த்துக்கொள்ளும் வேலைக்கு (ஆங்கிலத்தில் 'டைம் சிங்க்ரனைசேஷன்') என்ன பெயர் வைப்பது?

யாரோ அத்துமீறி நுழைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபயர்வாலின் பதிகையில் (நடப்பதை நேரத்தோடு குறித்து வைக்கும் 'லாக்') 10:02:07, சர்வரின் பதிகையில் 10:01:58. அப்படியானால் சர்வருக்குள் புகுந்த பிறகுதான் அவர் ஃபயர்வாலையே கடந்திருக்கிறார்! எது முன், எது பின் என்று தெரியாவிட்டால் விசாரணையே நடக்காது. கருவிக் கடிகாரத்தை ஓட்டும் சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் சுமார் 1.7 நொடி விலகிவிடும்.

இப்போதைக்கு 'நேர ஒத்திசைவு' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் 'ஒத்திசை', 'ஒத்திவை' இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. சின்னத் திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தவறாகப் படிக்க வாய்ப்பு உண்டு. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

---

அன்புள்ள தோழிக்கு,

ஒத்தல் என்றாலும் பொருந்துதல், இசைதல் என்றாலும் பொருந்துதல். 'இசைவு தெரிவித்தார்' என்கிறோமே, அந்த இசைவுதான். ஒரே பொருளை இரண்டு முறை சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய காலத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறது இந்தச் சொல். அதனால்தான் முன்னால் 'நேர' என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. 'சிங்க்ரனைசேஷன்' என்பதன் கிரேக்க மூலத்திலோ 'க்ரோனோஸ்' என்று காலம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நமக்கு இதில் பஞ்சமே இல்லை. முல்லைப்பாட்டைப் பாருங்கள். பாசறையில் 'பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்' அரசனிடம் வந்து, 'குறுநீர்க் கன்னல் இனைத்தென்று இசைப்ப' நிற்கிறார்கள்; நீர்க்கடிகை காட்டும் பொழுது இவ்வளவு என்று சொல்கிறார்கள். நம்பத்தக்க ஒரு கருவி, அதைப் பார்த்துப் பொழுது சொல்லும் பொய்யா மாக்கள், அதைக் கேட்டு நடக்கும் பாசறை. நேரம் தரும் சர்வருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி வேண்டுமா? மூலக் கடிகாரத்துக்குக் 'கன்னல்' என்றும், இந்த வேலைக்குப் 'பொழுதொருமை' என்றும் வைக்கலாம். கன்னல் கரும்புக்கும் பெயர். நீர்க்கடிகைக்கும் கரும்புக்கும் ஒரே பெயர் வந்தது எப்படி என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

---

ஐயா, 'பொழுதொருமை' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் ஒருமை என்பது கிடைப்பதே இல்லை.

வலையமைப்பு வழியாகச் சர்வரிடம் நேரம் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்வதற்கு டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட என்டிபி (NTP) நெறிமுறையில் நான்கு நேரங்கள் குறிக்கப்படுகின்றன: கேள்வி புறப்பட்டது, சர்வருக்கு வந்தது, பதில் புறப்பட்டது, பதில் வந்து சேர்ந்தது. இவற்றைக் கொண்டு பயணத் தாமதத்தையும் கடிகார விலகலையும் பிரித்துக் கணக்கிடுவார்கள். போக எடுத்த நேரமும் வர எடுத்த நேரமும் சமம் என்பது இதில் உள்ள அனுமானம். சமமாக இல்லாவிட்டால், அந்த வேறுபாட்டில் பாதி பிழையாகத் தங்கிவிடும். ஆக, விலகல் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதைச் சிறிதாக வைத்திருப்பதுதான் வேலை.

நான் முக்கியமாகக் கேட்பது வேறு இரண்டு சொற்கள். என்டிபி மென்பொருளின் இயல்பான அமைப்பில், விலகல் 128 மில்லிநொடிக்குள் இருந்தால் கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ மெதுவாகச் சரிக்கட்டும். அந்த மாற்றம் பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் போகாது. அதாவது ஒரு நொடியைச் சரிக்கட்ட 2000 நொடி வேண்டும். விலகல் 128ஐத் தாண்டி நீடித்தால் கடிகாரத்தை ஒரேயடியாக மாற்றிவிடும். 1000 நொடியையும் தாண்டினால், 'இதில் ஏதோ தப்பு' என்று மென்பொருளே நின்றுவிடும். ஒரேயடியாகப் பின்னுக்குப் போனால் பதிகையில் 10:05க்கு அடுத்த வரி 10:04 என்று வரும். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் படிப்பவர் ஏமாந்துபோவார். மெதுவாகச் சரிக்கட்டுவதை 'இழைவு' என்றும் ஒரேயடியாக மாற்றுவதை 'தாவல்' என்றும் சொல்லலாமா?

அப்புறம், சொல் எதிர்மறையாகவும் வளைய வேண்டும். மூலக் கடிகாரத்திலிருந்து கருவி எத்தனை படி தள்ளி இருக்கிறது என்று சொல்லும் அடுக்கு எண் 16 என்று காட்டினால் கருவி எந்த நம்பத்தக்க மூலத்தோடும் சேரவில்லை என்று பொருள். 'ஒத்திசையவில்லை' என்று போடலாம். 'பொழுதொருமைப்படவில்லை' என்பது திரையில் அடங்காது.

---

நான் வகுப்பெடுப்பவன். மாணவர்கள் 'டைம் சிங்க் ஆகலை சார்' என்பார்கள். 'ஒத்திசைவு' என்றால் கைப்பேசியில் பார்த்த பழக்கத்தால் உடனே புரிந்துகொள்வார்கள். 'கன்னல்' என்றால் அன்றைய பாடம் கன்னலுக்கே போய்விடும்.

தூய்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐயா எடுத்துக்காட்டிய அதே அடியில்தான் விடையும் இருக்கிறது. 'இனைத்தென்று இசைப்ப' என்பதில் இசைத்தல் என்றால் சொல்லுதல். கன்னல் காட்டும் பொழுதை எடுத்துச் சொல்லுதல். அப்படியானால் ஒத்திசைத்தல் என்பது ஒத்த பொழுதைச் சொல்லுதல். எல்லாக் கருவிகளும் பதிகையில் ஒரே பொழுதைச் சொல்ல வேண்டும் என்பதுதானே நம் தேவை? காலம் அந்தச் சொல்லில் இல்லை என்ற குறையும் இதனால் கொஞ்சம் தீர்கிறது.

கையேட்டில் இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். கடிகாரங்கள் சரியாக இருந்தும் நேர மண்டலம் வேறாக இருந்தால் பதிகைகள் பொருந்தா. கருவிகள் பதிகைகளை எழுதி அனுப்பும் முறையான சிஸ்லாகின் பழைய வடிவில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. 2009இல் வந்த வடிவில்தான் இரண்டும் இடம்பெற்றன. இதை ஒத்திசைவுக் கோளாறு என்று நினைத்து மாணவர்கள் மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

---

> ஒத்திசைத்தல் என்பது ஒத்த பொழுதைச் சொல்லுதல்

அருமை, தம்பி. ஏற்கிறேன். ஆனால் இசைத்தலிலிருந்து பிறப்பது 'இசைப்பு'. இசைதலிலிருந்து பிறப்பது 'இசைவு'. நீங்கள் காட்டும் பொருள் வேண்டுமென்றால் சொல் 'ஒத்திசைப்பு' என்றுதான் இருக்க வேண்டும். நிர்வாகி செய்வது ஒத்திசைப்பு. அதனால் கருவிகள் அடையும் நிலை ஒத்திசைவு. இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள்.

---

எல்லோருக்கும் நன்றி. இதுவரை கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் 'நேர ஒத்திசைவு' என்பதையே ஏற்றிருக்கிறார்கள். தனி மடலில் ஒருவர் 'நேர இணக்கம்' என்றார். விதிகளுக்கு இணங்குவதையும் இதே கையேட்டில் 'இணக்கம்' என்றே எழுதியிருப்பதால் அதை எடுக்க முடியவில்லை. அத்தியாயத் தலைப்பு 'நேர ஒத்திசைவு'. உள்ளே 'இழைவு', 'தாவல்' இரண்டும் முதலில் வரும் இடத்தில் விளக்கத்தோடு வரும். நேர மண்டலத்துக்குத் தனிப் பத்தி எழுதிவிட்டேன். 'ஒத்திசைப்பு' பற்றி இன்னும் தயங்குகிறேன். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள்.

---

தோழி, அச்சுக்கோப்பவர் திருத்துவார் என்பதற்காக இலக்கணத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். அத்தியாயம் கற்பிப்பது ஒரு செயலை. தலைப்பும் செயலைத்தான் சொல்ல வேண்டும். 'ஒத்திசைவு' என்றே அச்சாகும் என்றால், கலைச்சொல் பட்டியலிலாவது 'ஒத்திசைப்பு' என்பதைத் தனிப் பதிவாகப் போடுங்கள். கன்னல் மடல் நாளை வரும்.