199 ரூபாய்க்கு டி-சர்ட் எப்படிக் கட்டுப்படியாகிறது?

மதுரைக்காரி:
வணக்கம். கல்லூரியில் படிக்கும் என் தம்பி ஆன்லைனில் ஒன்று 199 ரூபாய் என்று நாலு டி-சர்ட் வாங்கினான். இரண்டே துவைப்புதான். பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது, கழுத்து தொங்குகிறது, கையிடுக்கில் உருண்டை உருண்டையாகப் பிசிறு. அவன் கவலைப்படவே இல்லை, "போனா போகுது, அடுத்த மாசம் வேற வாங்கிக்கலாம்" என்கிறான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பருத்தி விளைந்து, நூலாகி, துணியாகி, சாயம் ஏறி, தைத்து, வீட்டு வாசல் வரை வருவதெல்லாம் 199-க்குள் எப்படி முடிகிறது? எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்? தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

பவர்டேபிள்:
சகோதரி, நான் திருப்பூர். டெய்லருக்குக் கூட நின்று உதவும் கைமடியாகச் சேர்ந்து, இப்போது துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டெய்லர், பதினாலு வருசம் ஆகிறது. தையல் வயிற்றுக்கு வந்ததற்குத் தைத்தவரைக் குறை சொல்லாதீர்கள். பனியன் துணி வட்ட மெஷினில் பின்னுவது. நூலில் ஏற்கெனவே முறுக்கு இருக்கிறது, தண்ணீர் பட்டதும் அது தளரப் பார்க்கும், துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் சாயம் ஏறி வந்த துணியை காம்பாக்டிங்கில் ஆவி கொடுத்து அமுக்கி, கட்டிங்குக்கு முன்னால் பிரித்துப் போட்டு ஆற விடுவோம். அதற்கு இடமும் வேண்டும் நேரமும் வேண்டும். விலையை அடித்துப் பேசின ஆர்டரில், ராத்திரி வந்த துணி விடிவதற்குள் வெட்டுக்குப் போய்விடும். பிசிறு உருள்வது நூலில் பிடித்த மிச்சம். கோம்டு நூல் என்றால் குட்டை இழைகளைச் சீவி எடுத்திருப்பார்கள், கார்டட் நூலில் அது அப்படியே கிடந்து உரச உரச உருண்டையாகும்.

ஒரு கிலோ துணியில் சுமாராக அஞ்சு டி-சர்ட் வெட்டலாம். நூல் விலையை ஓரளவுக்கு மேல் யாராலும் இறக்க முடியாது, அப்புறம் கை வைக்க இருப்பது கூலிதான். முன்பு ஒரு ஸ்டைல் வந்தால் வாரக்கணக்கில் ஓடும், கை பழகினதும் பீஸ் கூடும், காசும் கூடும். இப்போது முன்னூறு, ஐந்நூறு பீஸிலேயே ஸ்டைல் மாறிவிடுகிறது, கை பழகும் முன்பே அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட் மட்டும் அதேதான். அனுப்பும் தேதி நெருங்கினால் விடிய விடிய வேலை. எங்கள் செக்கிங்கில் ஓர் அக்கா டியூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டே பிசிறு வெட்டுவார். மூணு மணிக்கு மேல் கத்தரி பிடித்த விரல் மடங்கினது நிமிராது, இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்திவிட்டு மறுபடி எடுப்பார்.

நொய்யல்கரை:
அண்ணன் சாயத்தை விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன். எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த அணை, சில வருசத்திலேயே சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிவிட்டது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் கூடப் போகும். நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, உப்பு தெரிவதில்லை, எங்கள் மண்ணைக் கெடுத்தது அந்த உப்புதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தென்னை ஓலை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது, தாத்தா ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பார். அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்டு கோர்ட்டுக்குப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, எழுநூறுக்கு மேல் மூடின. இப்போது கழிவுநீரைச் சுத்திகரித்து, மிஞ்சுவதைக் காய்ச்சி உப்பையும் தண்ணீரையும் திரும்ப எடுத்தாக வேண்டும், சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது. திருப்பூர் இதைச் செய்து காட்டியது பெரிய விஷயம், பாதிக்கப்பட்ட ஊர்க்காரனாகவே சொல்கிறேன். ஆனால் அதற்குச் செலவு அதிகம், அது துணி விலையில் ஏறத்தான் செய்யும். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் அதைத் தர மாட்டேன் என்று இந்தச் சட்டம் இல்லாத ஊருக்கு ஆர்டரைக் கொண்டுபோகிறார். 199 ரூபாய்த் துணி எந்தத் தண்ணீரில் சாயம் ஏறியது என்று தம்பியை ஒரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள்.

மதுரைக்காரி:
அண்ணா, அந்த அக்காவின் விரலைப் படித்ததும் தம்பியைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தேன். சரி, அப்படியானால் விலை கூடின பிராண்டாக வாங்கினால் போதுமா?

ஆர்டர்ஷீட்:
பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக ஒன்பது வருசம் இருந்தவன். விலை கூடினால் துணி நன்றாக இருக்க வாய்ப்புண்டு, கூலியும் கூடியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். டாக்காவுக்குப் பக்கத்தில் சவாரில் ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்களே, அங்கே தைத்தது மேலை நாட்டுப் பெரிய கடைகளுக்குத்தான். முதல் நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது, தையல் தொழிலாளர்களை மட்டும் சம்பளத்தைப் பிடிப்போம் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். அனுப்பும் தேதி தவறினால் பையர்கள் தள்ளுபடி கேட்பார்கள், இல்லையென்றால் சரக்கை விமானத்தில் சொந்தச் செலவில் அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பயம் எப்படி மேலிருந்து கீழே இறங்கும் என்று நான் மெயில் மெயிலாகப் பார்த்திருக்கிறேன். நானே அப்படி மெயில் போட்டிருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது.

மதுரைக்காரி:
இந்த நாலையும் என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை.

பவர்டேபிள்:
உள்பக்க லேபிளைப் பாருங்கள். முழுப் பருத்தி என்றால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை நன்றாக உறிஞ்சும், பக்கத்து மெக்கானிக் கடையில் கொடுத்தாலும் எண்ணெய் துடைக்க ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். பாலியஸ்டர் கலந்தது என்றால் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, தம்பியே வீட்டில் போட்டுக் கிழியும் வரை உடுத்தட்டும்.