65 ஆயிரத்துக்குள் முதல் கேமிங் பிசி: இந்தக் கொட்டேஷனை எடுக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். பிளஸ் டூ முடித்த தம்பிக்கு கேமிங் பிசி வாங்க வேண்டும். வேலோரன்ட், ஜிடிஏ 5, புதிதாக வரும் கேம்கள் ஒன்றிரண்டு விளையாடுவான். 24 அங்குல 1080பி மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இருக்கிறது. சிபியு பெட்டிக்கு மட்டும் 65 ஆயிரம் ரூபாய் வரை போகலாம். கடையில் கொடுத்த கொட்டேஷன்: ஐ7 3770 பிராசசர், எச்61 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்3 ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி), கலர் ஃபேன் நாலு வைத்த கண்ணாடி கேபினட். மொத்தம் 32 ஆயிரம். பட்ஜெட்டில் பாதிதான் ஆகிறது, அதுவும் ஐ7. இதையே எடுத்துவிடலாமா? வேண்டாமென்றால் எதை எடுப்பது?

சில்லுச்சித்தர்:
எடுக்காதீர்கள். ஐ7 என்ற பெயரைப் பார்க்கக் கூடாது, பின்னால் இருக்கும் நம்பரைப் பார்க்க வேண்டும். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. நாலு கோர் (வேலை செய்யும் மூளை), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இன்டெலில் நாலாம் தலைமுறையில்தான் வந்தது, இதில் கிடையாது. அதைக் கேட்கும் கேம்கள் இதில் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஆதரவு தருவதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வேலோரன்ட் விண்டோஸ் 11-இல் ஓட டிபிஎம் 2.0-வும், நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட்டும் ஆனில் இருக்க வேண்டும். தம்பி முதலில் போடப்போகும் கேமிலேயே இடிக்கும்.

கிராபிக்ஸ் கார்டில் '4 ஜிபி' என்பதும் ஏமாற்றும் எண்தான். ஜிடி 730-இன் சிப்பில் அதிகபட்சமே 384 கோர்தான், பெரும்பாலும் மெதுவான டிடிஆர்3 மெமரியோடு வரும். சிப்புக்கு வேகம் இல்லாதபோது 4 ஜிபி இருந்தும் பயனில்லை.

என் பரிந்துரை இது. பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 5600: ஆறு கோர், 12 த்ரெட், 65 வாட், கூலர் பெட்டிக்குள்ளேயே வரும். பி550 சிப்செட்டில் (போர்டின் வசதிகளை முடிவு செய்யும் சில்லு) ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ், அதாவது சிறிய அளவு போர்டு. டிடிஆர்4 3200 ராம், 8 ஜிபி இரண்டு. கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி குறைந்தது 500 ஜிபி. ஜிடிஏ 5 மட்டுமே நூறு ஜிபிக்கு மேல் கேட்கும் என்பதால் முடிந்தால் 1 டிபி. 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) தரச்சான்று உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ். முன்பக்கம் வலைபோட்ட கேபினட்.

மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். கேமில் படம் வரைவது அதுதான். கையைக் கடித்தால் கேபினட்டிலும் எஸ்எஸ்டி அளவிலும் குறையுங்கள், கார்டில் குறைக்காதீர்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவென்று யாராவது சொன்னாலும் வேண்டாம். அதில் 4 ஜிபி மெமரிதான், பிசிஐஇ லேனும் (போர்டுக்கும் கார்டுக்கும் இடையே தரவு போகும் பாதை) நாலுதான், வீடியோ என்கோடரும் இல்லை. தம்பி கேமை ரெக்கார்டு செய்ய ஆரம்பித்தால் பாரம் முழுவதும் பிராசசர் தலையில் விழும். ஆர்டிஎக்ஸ் 3050 எடுப்பதாக இருந்தால் 8 ஜிபியா 6 ஜிபியா என்று கேட்டு எடுங்கள். பெயர் ஒன்றானாலும் 6 ஜிபி கார்டில் கோர்களே குறைவு.

வைகைக்கரை:
நன்றி சித்தரே. ஏ520 போர்டு இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே, பி550 கட்டாயமா? 5500 பிராசசரும் பேர் ஏறக்குறைய ஒன்றுதான், விலை கம்மி. அப்புறம் கொட்டேஷனில் உள்ள அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? 500 வாட் என்றுதானே போட்டிருக்கிறது.

மின்னோட்டம்:
எஸ்எம்பிஎஸ் பற்றி நான் சொல்கிறேன். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை விட்டுவிட்டு பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மலிவான '500 வாட்' பெட்டிகளில் அங்கே 18 ஆம்பியர் போல இருக்கும். 18-ஐ 12-ஆல் பெருக்குங்கள், 216 வாட். தரமான 550 வாட்டில் 45 ஆம்பியர் போல இருக்கும், அதாவது 540 வாட். ஆர்எக்ஸ் 6600-க்கு மட்டுமே 132 வாட் வேண்டும், நொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதற்கு மேலும் துள்ளும். மலிவுப் பெட்டி அந்தத் துள்ளலில் மூச்சடைத்து கேம் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும். அதோடு போனால் பரவாயில்லை. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இல்லாத பெட்டி சாகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். அந்தப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

கரண்ட் போய்ப்போய் வரும் ஊர் என்றால் யுபிஎஸ் தேவைப்படும். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது இந்த பிசியும் மானிட்டரும் சேர்ந்து 280, 300 வாட்டைத் தொடும். கணக்கில் சரியாக வந்தாலும் மாறும் நொடியில் ஆஃப் ஆக வாய்ப்பு உண்டு. தரமான எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வரும் கரண்ட்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) வகை. மலிவு யுபிஎஸ் தரும் படிப்படியான அலை சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. 1000 விஏ, 600 வாட் எடுத்தால் நெருக்கடி இருக்காது.

இன்னொன்று. கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று இழுத்தால் அது பெரும்பாலும் பிசியின் கோளாறு அல்ல, பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லாததுதான். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். புது பிசியை மாட்டும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

போர்டுப்பிரியன்:
போர்டு கேள்விக்கு வருகிறேன். சித்தர் பி550 சொன்னது நல்லதுதான், ஆனால் கட்டாயம் இல்லை. ஆர்எக்ஸ் 6600 எட்டு பிசிஐஇ லேனில் ஓடும் கார்டு. பி550-இல் அது பிசிஐஇ 4.0 வேகத்தில் ஓடும். ஏ520, பி450 போர்டுகளில் 3.0 தான், பாதை பாதியாகக் குறுகும். கார்டின் 8 ஜிபி நிரம்பாதவரை வித்தியாசம் சொற்பம், நிரம்பினால்தான் திக்கும். விலை வித்தியாசம் பெரிதென்றால் ஏ520 எடுத்து மிச்சத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள்.

5500 வேண்டாம். 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. கேமில் இது தெரியும். பிசிஐஇயும் 3.0 தான் என்பதால் அதோடு பி550 போர்டு போட்டாலும் லாபமில்லை. இன்டெல் பக்கம் போவதென்றால் ஐ5 12400எஃப், எச்610 போர்டு இதற்குச் சமமான ஜோடி. எச்610-இல் ராம் ஸ்லாட் இரண்டுதான். 5600-இலும் சரி, எஃப் முடியும் இன்டெலிலும் சரி, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரை வராது.

பழைய ஸ்டாக் பி450 வாங்கினால் 5600-ஐ அறியாத பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) இருக்கலாம். பில் போடும் முன் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள், அல்லது பிராசசரின் உதவியில்லாமலே அப்டேட் செய்யும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு எடுங்கள்.

ராம் ஒரே 16 ஜிபி குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டுதான் வேண்டும். ஒரு குச்சி என்றால் சிங்கிள் சேனல், அதாவது ராமுக்குப் பாதை ஒன்றுதான், ரைசன் அதில் நன்றாகவே வேகம் இழக்கும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறியிருப்பதால், கொட்டேஷனில் முதலில் ராமின் அன்றைய விலையைக் கேளுங்கள்.

பில் ஜிஎஸ்டியோடு, ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் போட்டு வாங்குங்கள். பெட்டி இல்லாத டிரே பிராசசருக்கு கூலரும் வராது, வாரன்டியும் விற்றவரோடு நின்றுவிடும்.

வைகைக்கரை:
5600, ஆர்எக்ஸ் 6600, 550 வாட், ஏ520 என்று முடிவு செய்துவிட்டேன். அசெம்பிள் நாங்களே செய்யலாமா? எங்கே தப்பு நடக்கும்?

சில்லுச்சித்தர்:
தாராளமாகச் செய்யலாம். நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். பிராசசர் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வையுங்கள், தானாக இறங்கும். அழுத்தவே கூடாது, இதில் பின்கள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன, வளைந்தால் தலைவலி.

பலர் தடுமாறுவது கூலரில். கூடவரும் ஸ்டெல்த் கூலருக்கு போர்டின் மேல் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பிடிகளையும் கழற்ற வேண்டும். அப்போது பின்தகடு கழன்று கீழே விழும், ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும். நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். போர்டில் நாலு ராம் ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் ராமைப் போடுங்கள். ஐஓ தகடு (போர்டின் பின்பக்க போர்ட்டுகளைச் சுற்றி வரும் தகடு) தனியாக வந்தால் போர்டுக்கு முன் அதை மாட்ட வேண்டும். பிராசசருக்கான 4+4 பின் வயரையும் கார்டுக்கான 6+2 பின் வயரையும் மாற்றிச் செருகப் பார்க்காதீர்கள்.

மானிட்டர் வயரைக் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல. முதல் தடவை திரை வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதற்கு மேலும் வரவில்லையென்றால் ராமைக் கழற்றி 'டக்' என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள்.

பயாஸில் மூன்று வேலை. ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 ராம் 2400 அல்லது 2666-இல் ஓடிக்கொண்டிருக்கும். எஃப்டிபிஎம் (பிராசசருக்குள்ளேயே உள்ள டிபிஎம்) ஆன். சிஎஸ்எம் (பழைய முறையில் துவங்கும் வசதி) ஆஃப். இந்த மூன்றாவதை விண்டோஸ் போடும் முன்பே செய்துவிட்டால் டிஸ்க் ஜிபிடி என்ற புது பிரிவு முறையில் அமையும், செக்யூர் பூட் மறுபேச்சில்லாமல் ஆன் ஆகும், வேலோரன்ட் திறக்கும்.