புதுப்பிப்பு: பழைய போன் சர்வரில் சார்ஜும் லேனும் சேர்ந்து ஓடுகின்றன

திரை உடைந்த டைப்-சி போனில் டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி) போட்டு, வீட்டுப் படங்களுக்கு சர்வராக்கினேன். போனில் மாட்டிய யுஎஸ்பி ஹப்பில் (ஒரே போர்ட்டில் பல கருவிகளை இணைக்கும் பெட்டி) சார்ஜர் செருகினால் லேன் (கம்பி வழி நெட்வொர்க்) போய்விடுகிறது என்று மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி, இப்போது சரியாகிவிட்டது.

கேபிள் மாற்றியதில் பயனில்லை. "பிடி பாஸ்த்ரூ உள்ள ஹப் வேண்டும்" என்று ஒருவர் எழுதியதுதான் பலித்தது. பிடி என்பது பவர் டெலிவரி, மின்சாரம் பற்றி இரு கருவிகள் பேசிக்கொள்ளும் முறை; பாஸ்த்ரூ என்றால் ஹப் வழியாகவே போனுக்கு சார்ஜ் போவது. டைப்-சியில் மின்சாரம் வாங்கும் பக்கம் வழக்கமாக ஹோஸ்டாக (இணைத்த கருவிகளை இயக்கும் பக்கமாக) இருக்காது. சார்ஜ் ஏறும்போதே போன் ஹோஸ்டாகவும் இருக்க, இரண்டு முனையும் பிடி வழியாகப் பேசி அந்தப் பொறுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். என் பழைய ஹப்பில் அது இல்லை. போனிலும் அந்த வசதி இருந்தாக வேண்டும், அதனால் முதலில் ஒரு ஹப்பை இரவல் வாங்கிச் சோதித்தேன்.

எதிர்பாராதது இங்கேதான். இரவல் ஹப்பில் சார்ஜ் ஏறியது, லேன் விளக்கும் எரிந்தது, ஐபி (நெட்வொர்க்கில் போனுக்குக் கிடைக்கும் முகவரி) மட்டும் வரவில்லை. மடிக்கணினியில் அதே ஹப் நன்றாக ஓடியது. போனின் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த ஹப்பின் லேன் சிப்புக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இல்லை. ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் உள்ள ஹப் வாங்கினேன், செருகியதும் ஐபி வந்துவிட்டது. வாங்குமுன் சிப் பெயரைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், டெர்மக்ஸில் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) போர்ட் எண் 22 அல்ல, 8022. ரூட் (போனின் முழு நிர்வாக அனுமதி) இல்லாமல் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க முடியாது.

பேட்டரி உப்பிவிடுமோ என்று பயமாக இருந்தது. டைமர் பிளக் போட்டு, ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏற்றுகிறேன். பின்மூடியை வாரம் ஒருமுறை தடவிப் பார்க்கிறேன், இதுவரை தட்டையாகவே இருக்கிறது.