இப்போது என்ன நாவல் ஓடிக்கொண்டிருக்கிறது?

கவிதா அக்கா: அனைவருக்கும் மாலை வணக்கம். இந்தக் குழுவில் வாழ்த்துப் படங்கள்தான் அதிகம் வருகின்றன; ஒரு மாறுதலுக்காகக் கேட்கிறேன். இப்போது யார் யார் என்ன நாவல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாமல், எந்த இடத்தில் இருக்கிறீர்கள், எது உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நான் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் பாதியைத் தாண்டிவிட்டேன்.

பெரியப்பா: நல்ல கேள்வி, கவிதா. நான் ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகத்தில் இருக்கிறேன்.

மீனா: மறுபடியுமா, பெரியப்பா?

பெரியப்பா: மறுபடியும்தான். கதை தெரிந்த பிறகு படிப்பதில் உள்ள சுகமே வேறு, மீனா. முதல் முறை படிக்கும்போது வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் நாமும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்போம். யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று நின்று பார்க்க நேரம் இருக்காது. இப்போது நந்தினி பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு பொருள்பட வாசிக்க முடிகிறது. மூன்றாம் பாகத்துக்கே ‘கொலை வாள்’ என்று பெயர் சூட்டிவிட்டு, அந்தக் கொலையை ஐந்தாம் பாகத்தில்தான் கல்கி நடத்துகிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவ்வளவு தூரம் வாசகனை இழுத்துக்கொண்டு போவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இளங்கோ: நான் பூமணியின் ‘வெக்கை’ படிக்கிறேன். பெரியப்பா சொன்னதற்கு இது நேர் எதிர். கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பையன் செலம்பரம், தன் அண்ணனைக் கொல்லக் காரணமாக இருந்தவனை வெட்டிவிட்டு இருட்டில் ஓடுகிறான். அதன் பிறகு நாவல் முழுவதும் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவதுதான். எங்கே படுப்பது, தண்ணீர் எங்கே கிடைக்கும், வீட்டுக்கு எப்படிச் செய்தி சொல்வது என்பதைத் தவிர அவர்கள் பெரிதாக எதுவும் பேசுவதில்லை. ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

கவிதா அக்கா: ‘அசுரன்’ படத்துக்கு அடிப்படையான நாவல்தானே அது?

இளங்கோ: ஆமாம், அக்கா. நாவல் 1982இல் வந்தது; படம் 2019இல். ஆனால் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் போனால் தடுமாற வேண்டியிருக்கும். படத்தில் அப்பாதான் நாயகன், அவருக்கென்று பெரியதொரு முன்கதையும் உண்டு. நாவலில் எல்லாமே பையனின் கண் வழியாக நகர்கிறது. அண்ணனுக்கு என்ன நடந்தது, நிலத் தகராறு எப்படி முற்றியது என்பதெல்லாம் தனி அத்தியாயமாக வராமல், நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் பேச்சோடு பேச்சாகத் துண்டு துண்டாக விழுகின்றன. நாம்தான் கோத்துக்கொள்ள வேண்டும்.

விசாலம் அத்தை: கண்ணுக்கு அதிக வேலை கொடுக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் நான் இப்போது நாவல்களைக் கேட்கிறேன். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ போய்க்கொண்டிருக்கிறது. கங்காவே தன் கதையைச் சொல்லும் நாவல் என்பதால், ஒரு பெண் குரலில் அதைக் கேட்பது பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேசுவது போலவே இருக்கிறது. சில இடங்களில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன், அவ்வளவு பாரம்.

மீனா: அத்தை, முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அது என் பட்டியலில் இருக்கிறது.

விசாலம் அத்தை: முடிவைச் சொல்ல மாட்டேன், தொடக்கத்தைச் சொல்லலாம் அல்லவா? 1966இல் ஜெயகாந்தன் ‘அக்னிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை எழுதினார். மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டுத் திரும்பும் கல்லூரிப் பெண்ணை, அவள் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்வாள். அது வந்தபோது எழுந்த கண்டனம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு அவரே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று யோசித்து எழுதியதுதான் இந்த நாவல். இதில் அழகு என்னவென்றால், பல ஆண்டுகள் கழித்துக் கங்கா ஒரு பத்திரிகையில் அந்தச் சிறுகதையையே படிக்கிறாள்! தன் கதையை யாரோ எழுதியிருக்கிறார்கள், ஆனால் தன் தாயை நல்லவளாக மாற்றிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிகிறது.

கவிதா அக்கா: இந்த விவரம் எனக்குப் புதிது, அத்தை. ஆக இளங்கோவின் நாவலும் உங்கள் நாவலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. நடக்க வேண்டியது நடந்து முடிந்த பிறகுதான் நாவலுக்கு வேலையே வருகிறது. என் ‘கோபல்ல கிராம’மும் அப்படித்தான். தனியாகப் போகும் ஒரு பெண் குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிகிறாள். நகைக்கு ஆசைப்பட்ட திருடன் அவளை நீருக்குள் அமுக்குகிறான். அவள் சாகும்போது அவனுடைய கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் அந்தப் பிடி விடவில்லை. திருடன் நகையோடு ஓடவும் முடியாமல், காலை உருவவும் முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். படித்துவிட்டு என் கால் விரலை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

மீனா: அடேயப்பா.

கவிதா அக்கா: அதன் பிறகு அவனை விசாரித்துத் தண்டனை கொடுப்பதோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்தால், கி.ரா. நம்மை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போகிறார். கோட்டையார் வீட்டின் மங்கத்தாயாரு அம்மாள், தங்கள் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து தப்பியோடி வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய கதையைச் சொல்லத் தொடங்குகிறார். வெட்டுக்கிளிகள் வருகின்றன, தீவட்டிக் கொள்ளையர்கள் வருகிறார்கள். இதையெல்லாம் ஒரு கதைச்சரடில் கோக்க வேண்டும் என்ற கவலையே ஆசிரியருக்கு இல்லை. எனக்கு அந்த அலட்சியம் மிகவும் பிடித்திருக்கிறது.

பெரியப்பா: எனக்கு அது பிடிக்காது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நாவலை நானும் படித்திருக்கிறேன். குளக்கரைக் காட்சியைப் போல ஒன்றை முதலிலேயே கொடுத்துவிட்டால், பிறகு வருவதெல்லாம் இறங்குமுகமாகத்தானே இருக்கும்? கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். அடுத்த இதழை வாங்க வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால்தான், ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கதவு பாதி திறந்தபடி நிற்கிறது. தொடர்கதை எழுதிய கைக்குத்தான் அந்தப் பழக்கம் வரும்.

விசாலம் அத்தை: அண்ணா, ஜெயகாந்தனின் நாவலும் ‘தினமணிக் கதிர்’ வார இதழில் தொடராக வந்ததுதான். அவருக்கும் அதே வாசகர்கள், அதே ஒரு வாரக் காத்திருப்பு. இருந்தாலும் அவர் அடுத்து என்ன நடக்கும் என்பதை நம்பி எழுதவில்லை; கங்கா அடுத்து என்ன நினைப்பாள் என்பதை நம்பி எழுதினார்.

பெரியப்பா: சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற கேள்வியை அத்தனை பாகங்கள் கடந்தும் முழுதாக அவிழ்க்காமல் விட்டுவிட்டுப் போகும் கெட்டிக்காரத்தனம் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வரலாற்றிலேயே விவாதத்துக்குரிய விஷயம் என்பதால் கதையிலும் அந்த இருட்டை அப்படியே வைத்திருக்கிறார்.

இளங்கோ: மீனா, எல்லாரையும் கேள்வி கேட்டுவிட்டு நீ இன்னும் சொல்லவில்லையே?

மீனா: நான் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ படிக்கிறேன், அண்ணா. இவ்வளவு கொலைகளுக்கு நடுவில் சொல்வதற்கே தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் இதில் நடப்பது ஒரு தெருவில் தண்ணீர் வராததுதான். ஜமுனா என்ற பெண், அவளுடைய தங்கை சாயா, அடுத்து வசிக்கும் டீச்சரம்மா, குடம் தூக்கி அலையும் பெண்கள், குழாய்க்காகத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாத பள்ளங்கள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று எல்லாரும் ஓடி வரும்போது அதில் சாக்கடை கலந்திருக்கிறது. அந்த இடத்தில் ஆசிரியர் ஒரு சொல் கூட வருத்தப்படுவதில்லை. வருத்தப்படும் வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது.

பெரியப்பா: குழந்தாய், ஒன்றுமே நடக்காத நாவலை எதற்காகப் படிக்க வேண்டும்?

மீனா: நடக்கிறது, பெரியப்பா. சத்தம் போடாமல் நடக்கிறது. ஜமுனாவுக்குச் சினிமா ஆசை காட்டி ஒருவன் அவளை எங்கெங்கோ அழைத்துப் போகிறான். அது அவளுடைய வாழ்க்கையை எப்படிச் சிதைத்திருக்கிறது என்பது, தண்ணீர்க் கவலைக்கு இடையிடையே அரைகுறை வாக்கியங்களாகத்தான் நமக்குத் தெரியவருகிறது. ஜமுனா மனம் உடைந்து போயிருக்கும் நேரத்தில் டீச்சரம்மா அவளுக்கு ஆறுதல் சொல்வதில்லை. தன் வீட்டு நிலைமை என்னவென்று சொல்கிறாள். நோயாளிக் கணவர், மாமியார், பள்ளிக்கூடம், அதோடு இந்தத் தண்ணீர். அவ்வளவுதான். அந்தப் பேச்சை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இருநூறு பக்கங்கள் கூட இல்லாத புத்தகம் அது.

இளங்கோ: ‘வெக்கை’யிலும் இதே அடக்கம் இருக்கிறது. கொலை செய்தவன் அழுவதில்லை, பெருமைப்படுவதும் இல்லை. ஆனால் கொலைக்குப் பின்னால் அவனுக்குத் தூக்கம் எப்படி வருகிறது, சின்னச் சத்தத்துக்கு எப்படித் திடுக்கிடுகிறான் என்பதைப் பூமணி விடாமல் எழுதுகிறார். என்னைக் கேட்டால், நிகழ்ச்சியை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பது அவ்வளவு முக்கியமில்லை. நிகழ்ச்சிக்குப் பிறகும் அந்த மனிதரோடு கூடவே இருக்க எழுத்தாளருக்குப் பொறுமை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

பெரியப்பா: பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. கல்கிக்கு அந்தப் பொறுமை இல்லை என்கிறாயா?

இளங்கோ: அப்படிச் சொல்லவே இல்லை, பெரியப்பா. பூங்குழலியின் படகுக் காட்சிகளில் நிறையவே இருக்கிறது. வந்தியத்தேவனிடம்தான் இல்லை, அவனை ஓர் இடத்தில் உட்காரவே விடுவதில்லை.

பெரியப்பா: அது உண்மை.

கவிதா அக்கா: அத்தை, கேட்பதற்கு வசதியாக வேறு நாவல் ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். ‘மதுரைத் திட்டம்’ இணையதளத்தில் ‘பொன்னியின் செல்வன்’ உட்பட ஏராளமான பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998இலிருந்து தன்னார்வலர்கள் ஏற்றி வருகிறார்கள். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வாசித்துக் காட்டும் வசதியையும் பயன்படுத்தலாம். என்ன, அந்த இயந்திரக் குரல் நந்தினிக்கும் பழுவேட்டரையருக்கும் ஒரே தொனியில்தான் பேசும்.

விசாலம் அத்தை: அந்தக் குரலில் கேட்பதைவிடக் கேட்காமலே இருக்கலாம். மீனா ஓர் அத்தியாயம் படித்துக் குரல் பதிவாக அனுப்பினால் எனக்குப் போதும்.

மீனா: கட்டாயம் அனுப்புகிறேன், அத்தை. ‘தண்ணீர்’ முதல் அத்தியாயத்தை இன்று இரவே பதிவு செய்கிறேன்.

இளங்கோ: அடுத்ததாக ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இந்தோனேசியாவின் மேடானிலும் மலேசியாவின் பினாங்கிலும் நடக்கும் கதை. அவர் எழுதியதே இரண்டு நாவல்கள்தான் என்றும், இது 1972இல் புத்தகமாவதற்குள் பெரும்பாடு பட்டது என்றும் படித்திருக்கிறேன். யாராவது கூட வருகிறீர்களா?

பெரியப்பா: நான் எப்போதோ படித்தது. ஒரு யோசனை சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். தொடக்கத்தில் ஊர்ப் பெயர்களும் மலாய்ச் சொற்களும் கூட்டமாக வரும். ஒவ்வொன்றுக்கும் நின்று பொருள் தேடினால் ஜப்பான் படை மேடானுக்குள் நுழைவதைத் தாண்டி நீ நகரவே மாட்டாய். புரியாததை விட்டுவிட்டு நாயகன் பாண்டியனோடு நடந்துகொண்டே இரு. கடலில் புயல் அடிக்கும் அத்தியாயம் வரும்போது மட்டும் அவசரப்படாதே.

இளங்கோ: நன்றி, பெரியப்பா. பதிலுக்கு நீங்கள் ‘வெக்கை’ முதல் சில பக்கங்களை மட்டும் பார்க்க வேண்டும். நான் முடித்ததும் என் பிரதியைத் தருகிறேன்.

பெரியப்பா: கொடு, பார்க்கிறேன். ஆனால் நான்காம் பாகத்தை முடிக்காமல் தொட மாட்டேன்.

கவிதா அக்கா: அப்பா, நான்காம் பாகத்தை முடித்தால் ஐந்தாம் பாகத்தைத் தொடங்காமல் உங்களால் இருக்க முடியாது. எனவே இளங்கோ, இடையில் எங்கேயாவது புகுந்து கொடுத்துவிடு.

பெரியப்பா: என் மகளுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது. சரி, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா. அந்தப் பையன் மாட்டிக்கொள்கிறானா இல்லையா என்பதை மட்டும் யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள்.