நொய்யலுக்குப் போகும் பள்ளத்தை ஒட்டிய மேய்ச்சல் நிலம்: ஆட்சேபணையை எங்கே கொடுப்பது?

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மலையிலிருந்து இறங்கி நொய்யல் ஆற்றில் சேரும் ஒரு பள்ளத்தின் (சின்ன ஓடை) கரையில் நாலு ஏக்கர் போல மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர் மேய்ச்சலுக்கென்று ஒதுக்கிய அரசு நிலம், இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் பரவி நின்று மண்ணுக்குள் இறங்குவது அங்கேதான், கீழே உள்ள கிணறுகளுக்கு அதுதான் ஊற்று. தை மாதத்திலிருந்து ராத்திரியில் யாரோ கட்டட இடிபாட்டை லாரி லாரியாகக் கொட்டி மேடாக்குகிறார்கள். இப்போது நிலத்தின் வகைப்பாட்டையே மாற்றப் போவதாகவும் பேச்சு.

அ-பதிவேடு (கிராம நிலங்களின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், புல வரைபடம் ரெண்டும் எடுத்தாச்சு, பதிவேட்டில் மேய்க்கால் என்றே இருக்கிறது. மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டோம் (ஆடு வைத்திருக்கும் பெண்கள்தான் கடைசிவரை விடாமல் உட்கார்ந்தார்கள்). தாசில்தாருக்கு மனு, அப்புறம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு, ரெண்டுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில். 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினால் இது குளம் இல்லையே என்கிறார்கள், சரி, ஆனால் 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறதே, கிராமப் பொது நிலங்களை மீட்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2011 ஜக்பால் சிங் தீர்ப்பும் இருக்கிறதே. அதைச் சொன்னால் பதிலே இல்லை. வக்கீல் வைக்க ஊரில் பணமில்லை.

மேய்க்கால் வகைப்பாட்டை மாற்றும் உத்தரவு வருவதற்கு முன்பே தடுத்தவர்கள் யாராவது இருந்தால், ஆட்சேபணையை எந்த அதிகாரியிடம், என்னென்ன ஆவணங்களோடு கொடுத்தீர்கள்?