உள்ளூர் நூலகங்களுக்குப் பொதுவான பட்டியல் பதிவுச் சேவை தேவையா?

கிளை நூலகர்:
ஒரே நூல் இருபது நூலகங்களுக்கு வந்து சேர்ந்தால், இருபது பேர் தனித்தனியே உட்கார்ந்து அதன் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பகுப்பு எண் அனைத்தையும் தட்டச்சு செய்கிறோம். ஒருவர் உருவாக்கிய பதிவை மற்றவர்கள் இறக்கிக்கொண்டு, சேர்க்கை எண்ணையும் அலமாரி இடத்தையும் மட்டும் தாமே இட்டுக்கொள்ளும்படியான பொதுச் சேவை வேண்டும் என்கிறேன். இது புதிய யோசனை அன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901-ஆம் ஆண்டிலேயே அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. ஒஹாயோ கல்லூரி நூலகங்கள் 1967-இல் கூடி அமைத்த ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு, 1971-இல் இந்தப் பகிர்வைக் கணினிவழி நடத்திக் காட்டியது.

பழைய பட்டியலர்:
பகிர்வதில் எனக்கு மறுப்பில்லை. எதைப் பகிர்கிறோம் என்பதில்தான் ஐயம். அண்மையில் மூன்று தொகுதிகள் கொண்ட ஒரு நூலின் இரண்டாம் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு நூல் அடையாள எண்ணை இட்டு வெளியிலிருந்து பதிவை இறக்கினேன். பதிப்பகம் மூன்றுக்கும் ஒரே எண்ணை அச்சிட்டிருந்ததால் முதல் தொகுதியின் பதிவு வந்து நின்றது; திரை 412 பக்கம் என்றது, நூலோ 376-ஆம் பக்கத்தில் முடிந்தது. கவனிக்காமல் சேமித்திருந்தால், இரண்டாம் தொகுதி நம் நூலகத்தில் இல்லை என்றே வாசகருக்குப் பதில் போயிருக்கும். இதே பிழை இருபது நூலகங்களிலும் பரவினால் யார் கண்டுபிடிப்பது?

கிளை நூலகர்:
ஐயா, தனியே தட்டச்சு செய்யும்போதும் பிழை வரத்தான் செய்கிறது. அது ஒரே இடத்தில் புதைந்து கிடப்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவே. பொதுப் பதிவு என்றால் நீங்கள் கண்ட தவறு ஒருமுறை திருத்தப்பட்டதும் அனைவருக்கும் திருந்திவிடும்.

கணினிப் பிரிவு:
அவ்வாறு தானாகத் திருந்திவிடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாக, அதாவது தனித்தனிக் கட்டங்களாக, பிரித்துக் கணினியில் எழுதும் மார்க் 21 வடிவில் தலைப்பு 245-ஆம் புலத்திலும், பதிவின் கட்டுப்பாட்டு எண் 001-இலும் இருக்கும். திருத்திய பதிவு மீண்டும் வரும்போது அந்தக் கட்டுப்பாட்டு எண்ணைக் கொண்டு பழையதை அடையாளம் கண்டு அதன்மேல் எழுதும்படி அமைப்பதே வழக்கம். அப்போது, நன்கொடையாளர் பெயர், ஆசிரியர் கையொப்பமிட்ட படி போன்ற உள்ளூர்க் குறிப்புகளைப் பொதுப் பதிவின் புலங்களில் எழுதிவைத்திருந்தால் அவை அழிந்துபோகும். கோஹா என்ற நூலக மென்பொருளில் படி விவரங்கள் 952-ஆம் புலத்தில் தனியே நிற்பதைப் போல, உள்ளூருக்குரியவற்றைத் தொடங்கும் முன்பே பிரித்துவைக்க வேண்டும். பலரும் இந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு மென்பொருளைத் திட்டுகிறார்கள்.

பழைய பட்டியலர்:
உரிமை பற்றியும் பேசுவோம். பதிவுகளை உறுப்பு நூலகங்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஓசிஎல்சி 2008-இல் புதிய கொள்கை ஒன்றை அறிவித்தபோது, நூலகர்களிடமிருந்து கடும் எதிர்ப்புக் கிளம்பி அது திரும்பப் பெறப்பட்டது. நாம் உழைத்து உருவாக்கிய பதிவுகளைச் சேவையிலிருந்து விலகும் நாளில் முழுமையாக எடுத்துச் செல்ல முடியும் என்ற உறுதி எழுத்தில் வராமல் நான் இசையமாட்டேன். ஒவ்வொரு திருத்தமும் ஒரு சிறு குழுவின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே ஏற வேண்டும் என்பதும் என் நிபந்தனை.

கிளை நூலகர்:
விலகும் உரிமையை முழுமனதோடு ஏற்கிறேன். அதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புதல் குழுவைத்தான் ஏற்க முடியவில்லை. 412 என்பதை 376 என்று மாற்றுவதற்குக்கூடக் குழு கூடும் வரை காத்திருக்க வேண்டுமென்றால், ஒற்றை ஆளாக நூலகத்தைத் திறந்து மூடுகிறவர் திருத்துவதையே விட்டுவிடுவார்.

பழைய பட்டியலர்:
பக்க எண்ணுக்குக் குழு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் பெயருக்கு வேண்டும். ஒரே எழுத்தாளர் இயற்பெயரில் ஓரிடத்திலும் புனைபெயரில் ஓரிடத்திலும் முதலெழுத்து மாறி வேறோரிடத்திலும் ஏறிவிட்டால், மூன்று ஆசிரியர்களாகவே பட்டியலில் நிலைத்துவிடுவார். அதை ஒன்றாக்க முயல்கிறவர், பெயர் ஒத்த வேறொருவரின் நூல்களையும் சேர்த்து இணைத்துவிடக்கூடும். அந்த ஒரு புலத்தையாவது பூட்டிவையுங்கள்.